மேப்பிள் டோனட் ஆறு

வெல்டா ஹாவ்லன்டுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அமெரிக்காவில் பீவர்ட்டன் ஊரில் அவள் வேலை பார்த்த கம்பெனி, நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதியது. எழுதுகிறவர்கள் எழுதிவிட்டுப் போவார்கள். அது எங்கே உதைக்கும் என்று தேடிப் பிடிப்பது வெல்டாவின் வேலை. அதற்கு முன் பதினாறு வருஷம் கூஸ் பே என்கிற ஊரில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். முழங்கால் போனபின் உட்கார்ந்து செய்கிற வேலை தேடி இங்கே வந்து சேர்ந்தாள். கல்லூரியிலிருந்து நேரே வந்த பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும் இடத்தில் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் சுத்த அசடு. எழுந்து போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்டவே மாட்டாள். "வார்டுல ஒருத்தரை ஒருத்தர் நம்பலேன்னா வேலை நடக்குமா?" என்பாள். அந்த ஆபீஸில் பூட்டாமல் போகிறவர்களுக்குத் தண்டனை உண்டு. யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயரிலேயே எல்லோருக்கும் 'டோனட் என் செலவு' என்று மெயில் அனுப்பிவிடுவார்கள். அனுப்பியது யார் என்று கேட்கக் கூடாது, அடுத்த வேலை நாளில் பெட்டியோடு வந்து நிற்க வேண்டும். வெல்டா வாங்கி வாங்கி, டோனட் கடைக்காரிக்கு அவள் பெயர் மனப்பாடம்.

இரண்டாயிரத்தொன்று ஜனவரியில் அவள் ஒரு பிழையைப் பிடித்தாள். குழந்தையின் எடையைப் பவுண்டில் போட்டுவிட்டு, சட்டென்று கிலோவுக்கு மாற்றி, எண்ணைத் திருத்தி, திரை மாறுவதற்குள் அடுத்த பொத்தானை அழுத்தினால், எப்போதாவது ஒருமுறை பழைய எண் அப்படியே நின்றுவிடும். இருபது பவுண்டு குழந்தைக்கு இருபது கிலோ குழந்தையின் மருந்து போகும், இரண்டு மடங்குக்கும் மேலே. அவசரத்தில் நர்ஸுகள் தட்டுகிற வேகத்தில்தான் அது வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இயந்திரங்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். பிழையைப் பட்டியலில் ஏற்றி, 'இதைச் சரிசெய்யாமல் அனுப்பக் கூடாது' என்று குறித்தாள். பட்டியலில் ஏற்றியவரைத் தவிர வேறு யாரும் பிழையை 'தீர்ந்தது' என்று மூட முடியாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலாளர் பிரென்ட் எல்லோரையும் சினிமாவுக்கு வேனில் அள்ளிக்கொண்டு போனான். மென்பொருள் கம்பெனி முதலாளி ஒருவன், புரோகிராம் எழுதுகிறவர்களைக் கொன்று அவர்கள் எழுதியதைத் திருடுகிற படம். தியேட்டர் முழுக்க இவர்கள் கூச்சல்தான்.

"நம்ம கம்பெனில ஒருத்தனைக் கொல்லணும்னா மூணு மீட்டிங் போடணும்!"

"போட்டாலும் தேதி தள்ளிப்போயிடும்!"

வெல்டா சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கை, தன் காரில் வருவதாகச் சொன்ன டுவெய்னுக்காகக் காலியாக இருந்தது. பதினொரு வருஷமாக அவளோடு ஒரே மேஜையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறவன், மருந்துக் கணக்குப் பகுதியை எழுதியவன். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்து, மழையில் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்தான். "கார் சாவியை ஆபீஸ்லயே மறந்துட்டேன்" என்றான்.

திரும்பி வந்தால் அவள் பெயரில் மெயில் காத்திருந்தது: 'திங்கட்கிழமை டோனட் என் செலவு. மேப்பிள் பாகு தடவினது ஆறு.' எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை டோனட் பெட்டியைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து பட்டியலைத் திறந்தாள். அவளுடைய பிழை மூடப்பட்டிருந்தது. 'மறுபடி சோதித்தேன். வரவில்லை. வெல்டா.'

முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். பிறகு பிரென்டை. போய்க் கேட்டதற்கு அவன் வாயெல்லாம் பல்லாக, "நீங்களே மூடிட்டீங்களே வெல்டா! ரொம்ப தேங்க்ஸ்!" என்றான். சினிமா முதலாளியும் இப்படித்தான் சிரித்தான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து மூலையில் உட்கார்ந்திருந்த டை கட்டிய ஆள், குப்பைக் கூடையை எடுக்க வந்த பெண், காப்பி ஊற்றிக்கொண்டிருந்த புதுப் பையன், யார் முகத்தைப் பார்த்தாலும் ஏதோ ஒளிந்திருப்பதுபோல் பட்டது. பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகுதான் நேரத்தைப் பார்த்தாள். பிழை மூடப்பட்டது வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பத்துநாலுக்கு. டோனட் மெயில் போனது பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு. இரண்டும் அவள் கம்ப்யூட்டரிலிருந்து. அப்போது அவள் வேனில் இருந்தாள், பிரென்ட் அதை ஓட்டிக்கொண்டிருந்தான்.

சமையலறைக்கு நடந்தாள். பெட்டியில் சாக்லேட் தீர்ந்திருந்தது, சர்க்கரை தூவியது தீர்ந்திருந்தது. மேப்பிள் மட்டும் நாலு மிச்சம். பல்லில் ஒட்டுகிற அந்தச் சனியனை அந்த மாடியில் ஒரே ஒருத்தன்தான் தின்பான். டுவெய்ன் மூன்றாவதை எடுக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

"பன்னிரண்டு நாப்பத்துநாலு, டுவெய்ன்."

அவன் கை பெட்டிக்கு மேலேயே நின்றது.

"யாராவது பாத்தா, டோனட் மெயில் போட வந்தேன்னு சொல்லிக்கலாம்னு நினைச்சியா?"

"வெல்டா, நான் இருநூறு தடவை ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவைகூட வரல. சத்தியமா. தேதி தப்பினா நம்ம பிரிவையே மூடிடுவாங்களாம். உனக்கு அம்பத்தாறு, எனக்கு அம்பத்தொன்பது. நம்மளை எவன் எடுப்பான்? உனக்காகவும்தானே பண்ணினேன்."

"எனக்காகவா? என் பேரைப் போட்டு?"

அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சோதனை அறைக்கு இழுத்துப் போனாள். இயந்திரத்தின் முன் நின்று தட்டினாள். வார்டில், அழுகிற குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு தட்டிய அதே வேகம். பவுண்டு, கிலோ, எண், பொத்தான். ஒன்பது கிலோ என்று சரியாக வந்தது. மறுபடி, மறுபடி. பதினேழாவது தடவை திரையில் இருபது கிலோ நின்றது.

டுவெய்ன் திரையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ" என்றான்.

வெல்டா பிழையை மறுபடி திறந்தாள். 'மூடியது தவறு. கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போனேன்' என்று எழுதினாள். பிரென்ட் எவ்வளவு நோண்டியும் டுவெய்னின் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. தேதி தள்ளிப்போனது. சரிசெய்த இயந்திரங்கள்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. டுவெய்ன் பயந்தபடியே, ஏப்ரலில் அவர்கள் பிரிவை மூடினார்கள்.

அதுவரைக்கும் இருவரும் பழைய மேஜையிலேயே சாப்பிட்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், அவளுடைய முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். கடைசி நாள் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு முடித்தவள், தண்ணீர் குடிக்க எழுந்தாள். எதிர் மேஜையில் டுவெய்ன் மட்டும்தான் இருந்தான். வெல்டா குனிந்து, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போனாள். டுவெய்ன் அதைப் பார்த்துவிட்டுத் தன் பெட்டிக்குள் எதையோ தேடத் தொடங்கினான்.