ஆயா முந்தியில் முடிந்த வடை

கழனியில் பதினோரு மணி வாக்கில் டீ வரும். களை எடுக்கும் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டம்ளர் டீயும் ஒரு மசால் வடையும் வாங்கிக்கொள்வார்கள். அப்பாவைப் பெற்ற என் ஆயா டீயை மட்டும் குடிப்பாள். வடையைக் காகிதத்தில் சுற்றி முந்தியில் முடிந்துகொள்வாள். வடக்கனந்தல் பக்கம் கூலிக்குப் போகிற கிழவிகள் பலரும் இப்படித்தான். வீட்டில் அந்த வடைக்கென்று ஒரு பிள்ளை இருக்கும். எங்கள் வீட்டில் அது நான்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை முடிச்சை அவிழ்க்க மாட்டாள். வடை ஆறிப்போய், லேசாகப் புகையிலை வாசம் அடிக்கும். எனக்குக் காரம் ஆகாது. மிளகாய்த் துண்டுகளைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைப்பேன். "என் பங்கு வந்துடுச்சு" என்று வாயில் போட்டுக்கொள்வாள். அந்த வடையில் அவள் தின்றது அவ்வளவுதான்.

கட்டடத் துறையில் டிப்ளமோ படிக்க விடுதிக்குப் போனேன். முதல் விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸிலேயே பட்டியல் போட்டேன்: துணி துவைக்க வேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும், சத்துமாவு அரைத்து வாங்கிப்போக வேண்டும். வடையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது தானாக வருவதுதானே.

வீட்டுக்குள் நுழைந்தபோது, சித்தப்பாவின் மூன்று வயது மகள் ஆயா மடியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள்.

"வா கண்ணு, எளச்சிப் போயிட்டியே" என்றாள் ஆயா. "அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக் குந்து."

அந்த வீட்டில் அதற்குமுன் என்னை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை.

பிறகு வந்த விடுமுறைகளில் எல்லாவற்றையும் கவனித்தேன். சின்னவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். எனக்குத் தட்டில் போட்டு, அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். சின்னவளுக்கு முதுகில் அடி விழுந்தது. எனக்கு ஒரு திட்டுகூட இல்லை. நான் கண்ணாடி டம்ளரை வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்த்தேன். "பரவால்ல வுடு, கால்ல குத்திக்கப் போவுது" என்று அவளே பெருக்கினாள்.

சென்னையில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. முதல் முறை ஊருக்கு வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறுகிற இடத்தில் ஆப்பிளும் இனிப்பு டப்பாவும் வாங்கினேன். ஆயாவிடம் கொடுத்துவிட்டு, "இனிமே நீ கழனிக்குப் போவாத. அதான் நான் சம்பாதிக்கறேன் இல்ல" என்றேன்.

"எம்மாம் பாசம் பாரு!" என்று சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பாசமும் இருந்தது. ஆனால் ஆயா கழனிக்குப் போகாவிட்டால் சின்னவளுக்கும் வடை வராது என்பதை பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

ஆயா இனிப்பு டப்பாவைத் திறக்காமல் அலமாரியில் வைத்தாள். "வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? கை காலு புடிச்சிக்கும். அப்புறம் இவளுக்கு வடை யாரு கொணாருவா?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிற நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவள் ஆயாவின் எதிரே சம்மணம் போட்டாள். ஆயா முடிச்சை அவிழ்த்தாள். நான் நாற்காலியிலிருந்து இறங்கி சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"உனக்கு இன்னாத்துக்குடி? பட்டணத்துல சூடா வாங்கித் துன்றவ நீ."

"எனக்கும் வேணும்."

"அக்கா, நீ எவ்ளோ பெரியவ! வெக்கமா இல்ல?" என்றாள் சின்னவள்.

"இல்ல."

ஆயா பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "கழுத மாதிரி வளந்துட்டு, கொழந்தைகிட்ட பங்குக்கு வரியே!" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வலித்தது. வடையைப் பிட்டு ஆளுக்குப் பாதி தந்தாள். பெரிய பாதியை நான் எடுத்துக்கொண்டேன். சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள்.

சற்று நேரத்தில் சின்னவள் ஒரு மிளகாய்த் துண்டைப் பொறுக்கி ஆயாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது என்னுடைய வழக்கம்.

விடுதிச் சாப்பாட்டில் எனக்குக் காரம் எப்போதோ பழகிவிட்டது. இருந்தும் என் பாதியைக் கிளறி, ஒரு மிளகாயைத் தேடி எடுத்து, ஆயாவின் உள்ளங்கையில் சின்னவள் வைத்ததன் மேலேயே வைத்தேன்.