பூட்டை நீக்கியதும் வந்த பெயர்கள்

நண்பர்களே, எங்கள் மைசூர் மருத்துவமனையின் பழைய கம்ப்யூட்டர் நேற்று படுத்துவிட்டது.

புதியதில் ரத்தம் கொடுப்பவர்களின் டேட்டாபேஸை ஏற்றினேன். அட்டவணை முழுக்கப் பூட்டிய ரகசிய எழுத்துகள். பிரசவ அறையிலோ ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் அவசரம்.

நர்ஸ் ஸ்டெல்லா அக்கா பாஸ்வேர்டை அடித்தார். நான் பூட்டை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன்.

திரையிலிருந்த கிறுக்கல்கள் வரிவரியாக மனிதர்களின் பெயர்களாக மாறின.

"ஐயோ, எல்லாரும் எழுந்து வந்துட்டாங்களே!" என்றார் அக்கா.

பட்டியலில் ஓ நெகட்டிவ் என்றிருந்த நஞ்சன்கூடு மஞ்சுளாவுக்குப் போன் போட்டோம். "பர்த்தீனி, இதோ வர்றேன் சிஸ்டர், பஸ் ஏறிட்டேன்னு வச்சுக்கோங்க!" என்றார் கன்னடமும் தமிழும் கலந்து.

சொன்னபடியே வந்து ரத்தம் கொடுத்தார். தாயும் குழந்தையும் நலம்.

கிளம்பும்போது அக்கா நடந்ததைச் சொல்ல, மஞ்சுளா கேட்டார்: "நல்லது செய்யறவங்க பேரை எதுக்குங்க பூட்டி வெச்சீங்க?"

உங்களிடம் பதில் உண்டா?