கயிற்றை என் மகள் கையில் கொடுத்த அம்மன்

எம்டன் கப்பல் பட்டணத்தில் குண்டு போட்டுப் போனதற்கு அடுத்த தை மாதம் என் மகள் பவளத்தின் கால் வெந்துபோனது. அவளுக்கு எட்டு வயது. அம்மனை நம்பி வாழும் அக்கா தங்கைகளே, நான் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் நடந்ததைத்தான் எழுதுவேன்.

கரையில் வலைக்குப் பட்டைச்சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தோம். கொதிக்கிற அண்டா அவள் காலில் சரிந்தது. முழங்காலிலிருந்து பாதம்வரை தோல் கழன்றுவிட்டது. கடலோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம்.

வெந்ததைவிடக் கொடுமை, கட்டு மாற்றுவது. புண்ணோடு ஒட்டின துணியை உரிப்பார்கள். பிள்ளையை ஆளாளுக்கு அமுக்கிப் பிடிப்பார்கள். பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். அவள் அலறல் வாசல்வரை வரும். புயலில் கட்டுமரம் விட்ட என் புருஷன் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்.

பிள்ளை கஞ்சியைத் தொடவில்லை. கட்டுச் சாமான் தட்டின் சத்தம் கேட்டாலே படுக்கையை நனைத்தாள்.

"யம்மா, கால வெட்டிடச் சொல்லு. கட்டு வாணாம்" என்றாள்.

கட்டு மாற்றாவிட்டால் புண் அழுகும், காலை எடுக்கத்தான் வேண்டிவரும் என்றார் டாக்டர். தினமும் மயக்க மருந்து கொடுத்தால் பிஞ்சு உடம்பு தாங்காது என்றும் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். நான் அழவில்லை. அம்மனிடம் சண்டை போட்டேன். "வலிய எடு. இல்லாங்காட்டி அவ புடிச்சிக்க எதையாச்சும் குடு. குடுக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றேன்.

வெயில் ஏறினது. உட்கார்ந்தே இருந்தேன். அப்போது கரையிலிருந்து வலை இழுக்கும் குரல் வந்தது. பிறந்தது முதல் கேட்ட குரல்தான். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எத்தனை ஆள் நின்றாலும் முன்னால் ஒருவன் குரல் கொடுத்தால்தான் கயிறு நகரும். அவன் நிறுத்தினால் எல்லாரும் மூச்சு வாங்குவார்கள். என் பிள்ளையை மட்டும் கேட்காமல் இழுக்கிறார்களே!

நேரே கட்டு மாற்றும் நர்சம்மாவிடம் போனேன். "நான் உள்ள வரணும். அவ கொரல் குடுத்தா இழு. நிறுத்துன்னா நிறுத்து."

"இன்னாம்மா, கட்டு மாத்தறதா, கல்யாணப் பாட்டா?" என்று சிரித்தார்.

"வலை இழுக்கறது. வெடுக்குனு புடுங்கினா வலை கிழிஞ்சிப் பூடும்."

அவர் சிரிப்பு நின்றது. "சரி, துணிய வெந்நீர்ல நல்லா ஊறவெக்கறேன். ஒரு தபா பாக்கலாம். நிறுத்திக்கினே இருந்தா, பழையபடி அமுக்கித்தான் ஆவணும்" என்றார்.

எங்கள் குப்பத்தில் பெண்பிள்ளை வலைக்குரல் கொடுக்கமாட்டாள். மீன் விலகிவிடும் என்பார்கள். என் புருஷன் முகம் கறுத்தது. "பொட்டப்புள்ள கொரல் குடுத்தா மீனு வுழுமா?" என்றார்.

"மீனு போனா போவுது. ஒம்பொண்ணு காலு வேணுமா, வாணாமா?" என்றேன். வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை பவளத்தை என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். வேறு ஒருவரும் தொடவில்லை. அவளுக்குக் குரலே எழும்பவில்லை. நர்சம்மா காத்திருந்தார். பிறகு மெல்லிசாக வந்தது: "ஏலேலோ..."

"ஐலசா" என்றேன். விரற்கடை அளவு துணி பிரிந்தது.

"நிறுத்து!" என்று கத்தினாள். நர்சம்மா கை நின்றது.

நின்ற அந்தக் கையை அவள் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குரல் கொடுத்தாள். பாதியில் குரல் அழுகையாக உடைந்தது. ஐலசா போட எனக்கும் வாய் வரவில்லை. அப்போது ஜன்னலுக்கு வெளியே இருந்து கரகரவென்று ஒரு குரல்: "ஐலசா!"

"நைனா! இன்னும் சத்தமா!" என்று அதட்டினாள் என் மகள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் துணி முழுதும் வந்துவிட்டது.

வலி போகவில்லை. பொய் சொல்லி அம்மனுக்குப் பெருமை தேட வேண்டியதில்லை. அழுதுகொண்டேதான் குரல் கொடுத்தாள். ஆனால் அதன்பிறகு அவளை யாரும் அமுக்கவில்லை. அன்று கஞ்சி குடித்தாள். கால் தப்பியது. இன்று பிள்ளை பெற்றவள், அந்தக் காலோடுதான் வண்ணாரப்பேட்டைவரை மீன்கூடை சுமக்கிறாள்.

வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினால் பாதிக் கடன்தான் தீரும் எனக்கு. மீதிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கட்டு மாற்றும் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருகிறேன். அவர்கள் குரல் கொடுக்க, நான் ஐலசா போடுகிறேன்.

உங்கள் பிள்ளை வலியில் கிடந்தால் அம்மனிடம் போங்கள். வலியை எடு என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கேளுங்கள். கொடுக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.