நானூறு வயதுக் குருவுக்கு வெற்றிலை

வன்னியில் இருந்து வந்த மாமா எங்கள் வீட்டு சோபாவில் படுத்து, யப்பான் சாப்பாட்டுக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்வந்தார். 2010ஆம் ஆண்டு, எனக்கு ஏழு வயது. அங்கே சமையல் பழகுவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். எனக்குச் சொன்ன கதை வேறு. அந்தக் குசினிக்குள் நானூறு வயதுச் சாமுராய் வாள்வீரர் ஒருவர் இருக்கிறாராம். சாவும் வராதாம், நரையும் விழாதாம். அவர்தான் மாமாவுக்குக் குருவாம்.

மாமாவுக்குப் பிரெஞ்சு வராது. அதனாலேயே அவர் சொல்லை நான் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. ஆனால், "சாமுராய் சொன்னவர், பயம் வந்தால் மூச்சை மெல்ல விடோணும் எண்டு" என்று தொடங்கினாரென்றால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். சாமுராய் சொல்லித்தான் இருட்டில் தனியே படுக்கப் பழகினேன். குரு பேசும்போது சீடன் தலை நிமிரக் கூடாது என்பதும் மாமா சொன்னதுதான்.

விசயதசமி அன்று லாச்சப்பல் கடைத்தெருத் தமிழ் வகுப்பில் ஆசிரியைக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்துக் காலில் விழுந்தோம். மாமாவின் குருவுக்கு யார் கொடுப்பார்கள்? பாதி வெற்றிலையை என் பைக்குள் ஒளித்து வைத்தேன். அன்று பார்த்து வீட்டுப் பூட்டின் திறப்பை மாமா கையோடு கொண்டுபோயிருந்தார். அதை வாங்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடையின் பின்வாசலுக்குப் போனார்.

உள்ளே ஈரத் தரையில் மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எதிரே, தலைமயிருக்கு ஜெல் பூசிய இளைஞன் ஒருவன் உடைந்த கோப்பைகளைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான். மாமா "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நானூறு வயதாகியும் ஒரு நரை இல்லை! அம்மா பிடிப்பதற்குள் ஓடிப்போய், வெற்றிலையை அவன் காலடியில் வைத்து விழுந்து கும்பிட்டேன்.

இதென்ன என்று அவன் கேட்டான். எனக்குத்தான் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடாயிற்றே! சாமுராய், சீடன், நானூறு வருடம் என்று ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிட்டேன். குசினியே சிரித்தது. கடை முதலாளியைப் பார்த்தா இப்படிச் சொன்னாய் என்று ஒருவர் கேட்டார். முதலாளி என்னிடம் பிரெஞ்சில் ஒன்றைச் சொல்லி, மாமாவுக்குச் சொல்லும்படி கைகாட்டினான். நானும் சொன்னேன்.

"மாமா, கோப்பையெண்டாலும் ஒழுங்காய்க் கழுவட்டாம்."

"ஓம் பிள்ளை" என்றார் மாமா. எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.

அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே திறப்பை வாங்கினார். மெட்ரோவில் என் முழங்காலைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது. யாரோ ஒரு முதலாளியின் காலில் விழுந்த வெட்கத்தில் எனக்கு மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது, அந்த முதலாளியின் காலில் விழுந்ததற்காக அல்ல.

அடுத்த நாள் காலை மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பிள்ளை, அப்பாவுக்குச் சொல்லாதை, என்ன?"

எனக்கு ஏச்சு விழும் என்றுதான் மாமா பயப்படுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. "பயப்பிடாதேங்கோ மாமா, அப்பா எனக்கு ஒண்டும் சொல்லமாட்டார்" என்று அவருக்குத் தைரியம் சொன்னேன். பிறகு அப்பா தேநீரோடு வந்து உட்கார்ந்ததும், அதை மெய்ப்பித்துக் காட்ட, மாமாவின் கண்ணுக்கு முன்னாலேயே முழுக் கதையையும் அவருக்கு நடித்துக் காட்டினேன்.