எழுதும்போது மறுக்கப்பட்ட அனுமதி

மெர்ல் ட்ரெகென்ஸா எங்கள் நதிமட்ட அலுவலகத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் பால் கூட்டுறவொன்றில் தட்டச்சுப் பணியில் இருந்தவர் அந்தப் பெண்மணி. அலுவலகத்துக்குக் கணினி வந்த ஆண்டில், அதைத் தொடுவதற்கு மற்றவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, அவர் கையேட்டின் நகலை வீட்டுக்கு எடுத்துச் சென்று, சி என்னும் கணினி மொழியை அட்டவணை போட்டுப் படித்தார். சனிக்கிழமைகளில் பவுல்ஸ் என்னும் பந்துருட்டும் ஆட்டத்தின் மன்றத்தில் புள்ளி குறிப்பவரும் அவரே. அவர் குறித்த எண்ணை எதிரணியினர் ஒருபோதும் மறுத்ததில்லை.

ஒரு நிரல் தோற்றுப்போனால், தோற்ற விதத்தை அது தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதில் மெர்ல் கண்டிப்பானவர். கோப்பைத் திற, எழுது, மூடு என்று நிரல் இயக்க அமைப்பிடம் கேட்கிறது. அமைப்பு மறுத்தால், மறுத்த காரணத்தை ஓர் எண்ணாகத் தருகிறது. அந்த எண்ணை வாங்கி, எந்த நிரல், எதைச் செய்யும்போது, எந்தக் கோப்பில், என்ன காரணத்தால் நின்றது என்று ஒரே வரியில் அச்சிட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பிரெண்டன் ஹாலோரன் அலுவலகத் தலைவர் ஆவதற்கு முன்பு தாமே நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நிரலொன்று 'ஏதோ தவறு' என்று மட்டும் அச்சிட்டு நின்ற நாளில் மெர்ல் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தார்.

"ஏதோ தவறுன்னா என்ன பிரெண்டன்? ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணி, 'யாருக்கோ என்னமோ ஆயிருச்சு'ன்னு சொல்லிட்டு வெச்சிருவாங்களா?"

அன்றே அவர் 'முறையிடு' என்றொரு சிறு நிரல்துண்டை, ஒரு செயற்கூறை, எழுதினார். அலுவலகத்தின் எல்லா நிரல்களும் ஒன்பது ஆண்டுகளாக அதன் வழியாகவே தம் தோல்விகளைச் சொல்லிவந்தன. அது சொன்ன காரணத்தை யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

மேலாற்று மரப்பாலத்தடியில் ஆற்றுமட்டத்தை அளக்கும் நீர்மானியைப் பராமரித்தவர் ரோலி கோவால்ட். ஐம்பத்தேழு வயது, ஓய்வுக்கு மூன்றாண்டு இருந்தது. மானிக்கிணற்றில் சேறு வாரும்போது மிதவை துள்ளும். பொய் அளவுகள் பதிவாகும். ஆகவே செவ்வாய்தோறும் புறப்படுமுன் அவர் அலுவலகத்தில் இரண்டு காரியங்கள் செய்வார். அளவுகளைச் சேகரித்து, ஆறு ஏறினால் எச்சரிக்கை அனுப்பும் நிரலை நிறுத்துவார். யாராவது மறதியாக அதைத் தொடங்கிவிட்டாலும் உள்ளே எதுவும் போகாதபடி, அந்த மானியின் அளவுகள் சேரும் 'மேல்மானி' என்ற கோப்புக்கு அனுமதியை நீக்கிப் பூட்டுவார். திரும்பிவந்ததும் பூட்டைத் திறந்து, நிரலைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்த ஏப்ரல் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு அவர் நிரலைத் தொடங்கினார் என்பதற்குக் கணினியில் பதிவு இருந்தது. ஆறு மணிக்கு, மறுபடி தொடங்கியபின் முதல் அளவை எழுதப்போன இடத்தில், நிரல் நின்றது. ஆளில்லாத அறையில் அச்சுப்பொறி ஒரு வரியை அடித்தது: 'சேகரி: எழுதும்போது: மேல்மானி: அனுமதி மறுக்கப்பட்டது.' மலைப்பக்கம் விடிய விடிய மழை. காலை ஆறரைக்கு மெர்ல் கதவைத் திறந்தபோது ஆறு ஐந்து மீட்டர் ஏறியிருந்தது. எச்சரிக்கை எவருக்கும் போகவில்லை. ஆற்றோரத் தாழ்நிலத்தில் நின்ற, பால்பண்ணைக்காரி ஈனா டன்ஃபியின் கறவை மாடுகள் நாற்பத்துமூன்றும் கம்பிவேலியோடு சேர்ந்து போய்விட்டன.

மெர்ல் காகிதத்தைப் படித்தார். கோப்பு பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமலே, அனுமதி கொடுக்கும் கட்டளையை அடித்து நிரலைத் தொடங்கினார். நிரல் ஓடியது. இருபது நிமிடத்தில் எச்சரிக்கைகள் போயின. அந்த அவசரத்தில் அவர் செய்தது சரியே; ஆனால் பூட்டு இருந்ததா இல்லையா என்பதற்கான ஒரே சாட்சியம் அந்தக் கட்டளையோடு அழிந்தது.

"நான் தொறந்தேன் மெர்ல்," என்றார் ரோலி.

"மெஷின் வேற சொல்லுதே ரோலி."

"மெஷினுக்கு என்மேல என்ன கோபம்?"

"அதுக்கு யார்மேலயும் கோபம் கெடையாது. அதனாலதான் அது சொல்றத நம்புறோம்."

நான்கு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைக்கு விசாரணை குறிக்கப்பட்டது. கவனக்குறைவு உறுதியானால் ரோலிக்கு வேலை போகும். முக்கிய சாட்சி மெர்ல். சான்று அந்த ஒரு வரி.

விசாரணைக்கு முந்திய புதன்கிழமை முற்பகல், மெர்ல் தம் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எதையும் ஆதாரத்தோடு இணைப்பது அவர் வழக்கம். நிரல் அமைப்பிடம் 'எழுது' என்று கேட்கும் அழைப்பைப் பற்றிய கையேட்டுப் பக்கத்தை எடுத்து, அது எந்தெந்தக் காரணங்களால் மறுக்கப்படலாம் என்ற பட்டியலில் 'அனுமதி மறுப்பு' என்பதை அடிக்கோடிட அளவுகோலை வைத்தார். பட்டியலில் அது இல்லை. அளவுகோலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி மேலிருந்து மீண்டும் படித்தார். கோப்பு மிகப் பெரிது, கணினி வட்டில் இடமில்லை, இடையில் குறுக்கீடு எனப் பல இருந்தன. அனுமதி மட்டும் இல்லை.

அவர் ஹாலோரன் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம்.

"இந்தப் பக்கத்தப் படிங்க. அனுமதி மறுப்பு எங்க இருக்கு?"

ஹாலோரன் கையிலிருந்த இறைச்சி அடையைக் கீழே வைக்காமலே படித்தார். "இல்லையே."

"இருக்காது. தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிச்சவன் சீட்டுக்கு வந்து மறுபடி கேக்க மாட்டான். அனுமதி பாக்குறது ஃபைலத் தொறக்கும்போது மட்டும்தான். நம்ம வரி எழுதும்போதுன்னு சொல்லுது. அப்படின்னா தொறந்தாச்சு. ரோலி பூட்ட எடுத்திருக்கான், பிரெண்டன்."

"அப்ப அனுமதி எங்கேருந்து வந்துச்சு?"

அந்த வரியை மெர்ல் நாற்பது முறையாவது படித்திருப்பார். அது நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறது என்று ஒருமுறைகூட உறைக்கவில்லை. இருவரும் 'முறையிடு' செயற்கூறைத் திரையில் விரித்தார்கள். மொத்தம் பதினொரு வரி. மூன்றாம் வரியில், அச்சிடுவதற்கு முன்பு, தோல்வி நேர்ந்த நேரத்தைக் குறித்துவைக்க அது அலுவலகப் பொதுப் பதிவேட்டைத் திறந்தது. வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்பு இயக்க அமைப்பின் புதிய பதிப்பை நிறுவியபோது அந்தப் பதிவேட்டின் உரிமை மாறிப்போயிருந்தது. இடையில் எந்த நிரலும் தோற்காததால் யாருக்கும் தெரியவில்லை.

மெர்ல் அளவுகோலைத் திரையில் மூன்றாம் வரிக்கு அடியில் வைத்தார்.

"காரணத்த வெக்கிறதுக்கு இருக்கறது ஒரே ஒரு இடம்தான். அடுத்து எது தோத்தாலும் பழசு அழிஞ்சு அதோட நம்பர் வந்து உக்காந்துரும். நான் என்ன பண்ணியிருக்கேன் பாருங்க. நிஜக் காரணத்தக் கைல எடுக்கறதுக்கு முன்னாடி பதிவேட்டத் தொறக்கப் போயிருக்கேன். அது மறுத்திருக்கு. அந்த மறுப்பக் கொண்டுவந்து ரோலியோட ஃபைல் பேருக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கேன்."

"நிஜக் காரணம் எது?"

கையேட்டுப் பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, 'வட்டில் இடமில்லை' என்பதில் மெர்லின் விரல் நின்றது. அந்தச் செவ்வாய் பிற்பகல், ஆண்டறிக்கைக்காகப் பத்தாண்டு அளவுகளைத் தற்காலிக இடத்தில் படியெடுத்து வைத்தவர் அவரே. விடியுமுன் நடக்கும் வழக்கமான துப்புரவு அதை அழித்துவிட்டதால் காலையில் வட்டில் தாராளமாக இடம் இருந்திருக்கிறது.

உதிரிக் கணினியில் அப்படியே செய்து பார்த்தார்கள். பதிவேட்டைப் பூட்டினார்கள், வட்டைக் குப்பைக் கோப்புகளால் நிரப்பினார்கள், மேல்மானிக் கோப்பை நன்றாகத் திறந்து வைத்தார்கள். நிரலைத் தொடங்கியதும் அச்சுப்பொறி அடித்தது: 'சேகரி: எழுதும்போது: மேல்மானி: அனுமதி மறுக்கப்பட்டது.' எழுத்துக்கு எழுத்து அதே வரி. ஹாலோரனின் இறைச்சி அடை அவர் கையிலேயே ஆறியது.

"வெள்ளிக்கிழமை இதச் சொன்னீங்கன்னா," என்றார் அவர் மெதுவாக, "அடுத்த கேள்வி உங்ககிட்டதான் வரும். ஒங்க ஃபங்ஷன். டிஸ்க்க ரொப்பினதும் நீங்க எடுத்த காப்பி."

"வரட்டும். பதிவேடு இதுக்கு முன்னாடியும் வேற வேற காரணத்துக்கு மறுத்திருக்கலாம். ஒம்போது வருஷமா இன்னும் எத்தன பேருக்கு என்னென்ன சொல்லியிருக்குமோ, அதுதான் எனக்குத் தெரியணும்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். சுவரோரம் ஈனா டன்ஃபி தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கடைசி நாற்காலியில் ரோலி, திருமணத்துக்குப் போடும் கோட்டோடு. மெர்ல் எழுந்து, வெள்ள இரவின் காகிதத்தையும் சோதனைக் காகிதத்தையும் அருகருகே வைத்து, கால் மணி நேரம் பேசினார். வட்டை நிரப்பியது தாம், செயற்கூறு தம்முடையது, வரி பொய், ரோலி பூட்டை எடுத்திருந்தார் என்று வரிசையாகச் சொன்னார்.

முதலில் வாய்திறந்தவர் ஈனா. "டிஸ்க் ரொம்பினது என் மாடுங்களுக்குத் தெரியாது மெர்ல்."

"தெரியாது ஈனா. தெரியப்படுத்த வேண்டியவ நான்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒண்ணு வெளங்கல. மிஸ்டர் கோவால்ட் திங்கக்கிழமையே எழுதிக் குடுத்துட்டாரே." கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் படித்தார். பூட்டைத் திறக்க மறந்தது தாமே என்றும், அது தமக்குத் தெளிவாக நினைவிருக்கிறது என்றும் ரோலி தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மெர்ல் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் ரோலி? நீ தொறந்திருக்க. 'எழுதும்போது'ன்னு வரியே சொல்லுது."

"மொத வாரம் தொறந்தேன்னுதான் சொன்னேன்," என்றார் ரோலி. குரலில் கோபம் இல்லை. "எல்லாரும் அந்தப் பேப்பரக் காட்டினீங்க. ரெண்டாவது வாரம், இருக்குமோன்னு தோணுச்சு. நீ வெச்ச மெஷின், நீ தப்பா எழுத மாட்ட. மூணாவது வாரம் கண்ணு முன்னாடி வந்துருச்சு மெர்ல். நான் எந்திரிக்கிறேன், கோட்ட மாட்டுறேன், பூட்டு இருக்கு, நான் பாட்டுக்கு வெளிய போறேன். மழைத்தூறல் கூட நெனப்பிருக்கு."

"அப்படி நடக்கல."

"நீ சொல்ற. சரின்னுதான் படுது. ஆனா இப்பவும் அதுதான் தெரியுது. தொறந்தது தெரியல."

தலைவர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கப்போனார். ரோலி அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. அவர்மேல் குற்றமில்லை என்று அன்று மாலையே தீர்ப்பாயிற்று; மெர்லுக்கு எழுத்துவழிக் கண்டனம் வந்தது. பிழை எண்ணை வேறெதற்கும் முன் தனியாக எடுத்துவைக்கும் ஒற்றை வரியை அவர் 'முறையிடு'வின் தலையில் சேர்த்தார். பழைய அச்சுக் காகிதங்களை ஒன்பதாண்டுக்கும் எடுத்து, எந்தெந்த வரி நடக்க முடியாததைச் சொல்கிறது என்று மதிய இடைவேளைகளில் கையேட்டோடு ஒப்பிட ஆரம்பித்தார். முதல் பெட்டியிலேயே ஆறு அகப்பட்டன.

அடுத்த செவ்வாய் ரோலி மரப்பாலத்துக்குப் போய்விட்டு வந்தார். பூட்டை எடுக்குமுன் மெர்லின் மேசைக்கு வந்து நின்றார்.

"கொஞ்சம் வாயேன். நான் தொறக்குறத நின்னு பாரு."

மெர்ல் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். ரோலி கட்டளையை அடித்தார்.

"தொறந்துட்டனா?"

"தொறந்துட்ட."

"நல்லாப் பாத்தியா?"

ஓய்வு பெறும்வரை, மூன்றாண்டும், ஒவ்வொரு செவ்வாயும் அவர் அப்படித்தான் கேட்டார்.