ஜோடி சேராத கண்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த நாளில் எனக்கு மேக்கப் எல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால்தான் கை ஆடாமல் மை தீட்ட முடியும்.

அன்று சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. கேட் மூடியதும் அவசரமாகப் பவுடர், ஐலைனர், லிப்ஸ்டிக் எல்லாம் போட்டு, போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். எனக்குத் திருப்திதான்.

பக்கத்து சீட்டில் ஷாஹீன் அக்கா. இடது ஷூவும் வலது ஷூவும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை அவருக்கு. அதுவரை என்னோடு பேசியதே இல்லை. அன்று என்னை உற்றுப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? லெஃப்ட்டு ஜாஸ்தி, ரைட்டு கம்மி. ஜோடியே சேரல. ரிஜெக்ட்டு!”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. “கேட்ட தொறந்துடப் போறாங்கக்கா!”

“அழாத, மை கரைஞ்சிடும்.”

என் தாடையைப் பிடித்து, ஷூவைத் திருப்புவது போலவே முகத்தைத் திருப்பினார். என் ஐலைனரை வாங்கி வலது கண்ணில் ஒரே இழுப்பு. கேட் திறந்தபோது கன்னத்தில் தட்டி, “பாஸ்” என்றார்.

அந்த வேலை வேறொருத்திக்குப் போனது. ஆனால் அதற்குப் பிறகு தினமும், கேட் மூடியதும் நானாகவே அவர் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

கல்யாணமாகி அரக்கோணம் வந்துவிட்டேன். இங்கே ஆபீஸ் வேலை. வீட்டில் பெரிய கண்ணாடி. காலையில் கடகடவென்று மேக்கப்பை முடித்துவிடுவேன். இரண்டு கண்ணும் ஜோடி சேர்ந்துதான் இருக்கும். இருந்தாலும் தாடையைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன், யாரோ “பாஸ்” சொல்ல வேண்டியது பாக்கி இருப்பதுபோல.