சம்பந்தி வீட்டுக் காடை

மாங்குளத்துக்கு அப்பால், கல் உடைத்துக் கைவிட்ட அந்தக் குவாரியில் மாயாண்டியின் குரலுக்குப் பயப்படாத ஆள் இல்லை. ஒருகாலத்தில் "வெடி வைக்கப் போறோம், வெலகுங்க!" என்று கத்திய அதே தொண்டைதான். இப்போது குழியில் தண்ணீர் நின்று, கரையில் பற்றை மண்டி, இடம் பறவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாயாண்டி அதற்குக் காவல். கண்ணி வைக்க வந்தவன் எவனானாலும் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டி விரட்டுவார்.

பறவை ஆய்வுக்கு வரும் சிவதர்சினி அங்கே மெல்லிய வலை கட்டுவாள். சிக்கியதை மாயாண்டி காயப்படாமல் எடுத்துக் கொடுக்க, இருவருமாகக் காலில் இலக்கம் பொறித்த சின்ன வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். பிறகு அது எங்கே அகப்பட்டாலும் போன வழி தெரிந்துவிடும். "மாயாண்டியண்ணையின்ர கையில குருவி பயப்பிடாமக் கிடக்கும்" என்று அவள் ஒருநாள் சொன்னதை மனுசன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பெருமை என்றால் அப்படியொரு பெருமை!

அந்தப் பெருமையோடுதான் ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கச் சம்பந்தி குகதாசன் வீட்டுக்குப் போனார். தட்டில் காடைப் பொரியல். காலையும் வெட்டாமல் முழுதாகப் பொரிப்பது அந்த வீட்டு வழக்கம்.

"கூச்சப்படாமச் சாப்பிடுங்கோ சம்பந்தி. உங்களுக்கெண்டே பிடிச்சது."

எங்கே பிடித்தது என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்டிருக்கலாமே, பாவி மனுசன்! மகள் வாழும் வீடாயிற்றே என்று விழுங்கிவிட்டார். சொல்லவே வெட்கம், ருசியும் ஆளை இழுத்தது. இன்னொன்றையும் கேட்டு வாங்கினார். அதன் காலைக் கடித்தபோது பல்லில் ஏதோ நறுக்கென்றது. நாக்கால் தள்ளி விரலில் எடுத்துப் பார்த்தார். வளையம்.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கை கழுவ எழுந்தார்.

மறுநாள் அதைக் குவாரிக் கரையில் இருந்த சிவதர்சினியின் மேசையில் வைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

"ஐயோ, எங்கட வளையம்! எங்கயண்ணை கிடைச்சது?"

குளத்தடியில் என்று சொல்லிவிடத்தான் வழிநெடுக நினைத்து வந்தார். பொய் வரவில்லை.

"என் வாயில, மிஸ்."

அவள் சிரிப்பு போன விதத்தைப் பார்க்க முடியாமல் மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆர் பிடிச்சது? பேரைச் சொல்லுங்கோ."

"பிடிச்சவன விடுங்க மிஸ். தின்னது நான். என் பேரப் போடுங்க."

அப்போது வலையில் ஒரு குருவி சிக்கிப் படபடத்தது. வழக்கமாக "அண்ணை, எடுங்கோ" என்பாள். அன்று அவளே எழுந்து போனாள்.